வீட்டில் இருக்கும் லைசன்ஸ் துப்பாக்கிகளுக்குத் தனிக் கணக்கு: நீங்கள் என்னென்ன எழுதி வைக்கிறீர்கள்?

கெலமங்கலம் தோட்டம்:

வணக்கம். எங்களுடையது கூட்டுக் குடும்பம். அப்பா பெயரில் ஒரு டபுள் பேரல் (இரட்டைக் குழல்) பன்னிரண்டு போர் (‘போர்’ என்பது குழலின் உள் அளவு) இருக்கிறது, தாத்தா வாங்கியது. சித்தப்பா பெயரில் ஒரு சிங்கிள் பேரலும் ஒரு .315 ரைஃபிளும். என் பெயரில், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ஒரு பம்ப் ஆக்‌ஷன். இது போக லைசன்ஸ் தேவைப்படாத ஏர் ரைஃபிள் ஒன்றைத் தம்பி வாங்கி வைத்திருக்கிறான். ஆக மூன்று லைசன்ஸ் புத்தகம், மூன்றுக்கும் புதுப்பிக்கும் தேதி வேறு வேறு. தோட்டா வாங்கிய பில், தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது, ரிப்பேருக்குக் கொடுத்த சீட்டு எல்லாம் ஒரே ரெக்ஸின் பையில் கிடக்கின்றன.

எது எப்போது வாங்கியது, எந்த வருஷம் ஸ்பிரிங் மாற்றியது என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். அவருக்கு எழுபத்து நான்கு வயது. அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்துவிடலாம் என்று ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். எதில் ஆரம்பிப்பது என்பதிலேயே வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம். ‘எல்லாம் லைசன்ஸ் புத்தகத்திலேயே இருக்கு, தனியா எதுக்கு’ என்கிறார் சித்தப்பா. இங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். எப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எண்களை யாரும் இங்கே போட வேண்டாம், முறையை மட்டும் சொல்லுங்கள்.

ஆயுதப் பிரிவு ஓய்வு:

தம்பி, நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். கலெக்டர் ஆபீஸில் இந்தக் கோப்புகளோடு பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் விஷயம், துப்பாக்கி வாரியாக ஆரம்பிக்காதீர்கள். ஆள் வாரியாக ஆரம்பியுங்கள். சட்டம் துப்பாக்கியை வீட்டின் பொருளாகப் பார்ப்பதில்லை, லைசன்ஸ்தாரரின் பொருளாகத்தான் பார்க்கிறது. ஒரே பீரோவில் நான்கு துப்பாக்கி இருந்தாலும் அவற்றுக்கு மூன்று சொந்தக்காரர்கள். அதனால் அப்பாவுக்கு ஒரு பகுதி, சித்தப்பாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று நோட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியின் முதல் பக்கத்திலும் லைசன்ஸ் எண், தேசியத் தரவுத்தளத்தில் ஏறியபோது கொடுத்த யு.ஐ.என். என்ற தனி அடையாள எண், கொடுத்த அலுவலகம், செல்லுபடியாகும் கடைசித் தேதி. அதோடு தமிழ்நாட்டுக்கு மட்டுமா, இந்தியா முழுவதுக்குமா என்பதையும் எழுதுங்கள். கர்நாடக எல்லையில் இருக்கும் உங்களுக்கு அது ரொம்ப முக்கியம். அதற்குப் பிறகு தோட்டா வரம்பு. ஒரு சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஒரு வருடத்தில் எத்தனை வாங்கலாம் என்று புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

சித்தப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2019 டிசம்பர் 14 முதல் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. முன்பு மூன்று வரை அனுமதி. அவர் இப்போது வரம்பின் விளிம்பில் இருக்கிறார், பரம்பரையாக வருவதற்கும் இதே வரம்புதான். இந்த ஒரு கணக்கு எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாருக்கு எது போகலாம் என்பது தானாகவே தெரியும். அதே திருத்தத்தில்தான் லைசன்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமானது. ஐந்து வருடம் என்பதால்தான் மறந்தும் போகிறார்கள். கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பாக ஒரு தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

ஓசூர் சிப்காட்:

நான் எல்லாவற்றையும் எக்செல் ஷீட்டில் வைத்திருக்கிறேன் அண்ணா. ஒரு துப்பாக்கிக்கு ஒரு வரி. வகை, போர், தயாரித்த கம்பெனி, எண், பேரல் நீளம், வாங்கிய தேதி, யாரிடமிருந்து, விலை, அப்புறம் போட்டோவுக்கு லிங்க். லைசன்ஸ் தேதி நெருங்கினால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும். போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நோட்டில் எழுதினால் கரையான் அரித்துவிடும், மழை ஒழுகினால் போச்சு.

பர்கூர் மாந்தோப்பு:

ஷீட் நல்லதுதான், ஆனால் அதை கூகுள் டிரைவில் போட்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் அனுப்பிவிட்டால் யார் கையில் எது போகிறது என்று தெரியாது. எந்த வீட்டில் எத்தனை துப்பாக்கி, எந்த அறையில் பீரோ என்ற விவரம் வெளியே போனால் திருடனுக்கு நாமே வழி காட்டியது போல. போட்டோவில் எடுத்த இடத்தின் விவரமும் ஒட்டிக்கொண்டே போகும், அதை முதலில் அணைத்துவிட்டு எடுங்கள்.

என் முறை இது. கையால் எழுதிய நோட்டு ஒன்று வீட்டில், துப்பாக்கி இருக்கும் பீரோவில் இல்லாமல் வேறு இடத்தில். பீரோவே போனால் நோட்டும் சேர்ந்து போகக் கூடாது, அன்றைக்குத்தான் அது மிகவும் தேவைப்படும். திருட்டுப் போனாலோ தொலைந்தாலோ உடனே ஸ்டேஷனில் சொல்ல வேண்டும் என்பது லைசன்ஸ் நிபந்தனை. அந்தப் பதற்றத்தில் ‘பழைய டபுள் பேரல் சார், கட்டை கொஞ்சம் கறுப்பா இருக்கும்’ என்று சொன்னால் என்ன பயன்? எண்ணும் படமும் கையில் இருந்தால் புகாரிலேயே அது ஏறும். பக்கங்களின் ஜெராக்ஸ் ஒன்று பேங்க் லாக்கரில். படங்கள் ஒரு பென்டிரைவில் பாஸ்வேர்டு போட்டு, அதுவும் லாக்கரில்.

ஓசூர் சிப்காட்:

சரி அண்ணா, லிங்க் விஷயம் நியாயம். ஷீட்டை லேப்டாப்பிலேயே பூட்டி வைத்துக்கொள்கிறேன். சிவப்புக் கட்டத்தை மட்டும் விட மாட்டேன்.

கெலமங்கலம் தோட்டம்:

ஆள் வாரியாகப் பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்பாவின் புத்தகத்தைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம். தாத்தா காலத்துப் பழைய புத்தகத்தில் சேலம் முத்திரை, அப்புறம் தருமபுரி, கடைசியில் கிருஷ்ணகிரி. வீடு இருக்கும் இடம் மாறவே இல்லை.

ஆயுதப் பிரிவு ஓய்வு:

மாவட்டம்தான் மாறியது. சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஒவ்வொரு தடவையும் கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகும், பதிவேட்டில் கையால் பெயர்த்து எழுதுவார்கள். பழைய லைசன்ஸ் எண், புது எண் இரண்டையும் உங்கள் நோட்டில் எழுதி, எந்தத் தேதியில் மாறியது என்பதையும் குறியுங்கள். பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தத் துப்பாக்கி உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இப்படிப் பெயர்த்து எழுதும்போதுதான் எண்கள் மாறிப்போகும். 3 என்பது 8 ஆகும், 1 என்பது 7 ஆகும். அதனால் லைசன்ஸ் புத்தகத்தைப் பார்த்து எண்ணை நோட்டில் எழுதாதீர்கள். துப்பாக்கியைப் பார்த்து எழுதிவிட்டு, பிறகு புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

பர்கூர் மாந்தோப்பு:

ஐயா சொன்னதை எப்படிச் செய்வது என்று நான் சொல்கிறேன், பழைய துப்பாக்கிகளைப் பார்ப்பதில் எனக்கு ஆசை அதிகம்.

முதலில் குழல் இரண்டும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். டபுள் பேரலில் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியை மடக்கினால் குழல் தனியாக வந்துவிடும். ஒரு பழைய போர்வையை மடித்து அதன் மேல் குழலைத் திருப்பி வையுங்கள். தோட்டா நுழையும் முனையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். எண் அங்கே இருக்கும். அதே எண், குழலைத் தாங்கும் இரும்பு உடலான ஆக்‌ஷனின் தட்டையான பகுதியிலும், பெரும்பாலும் டிரிகர் கார்டின் வால் பகுதியிலும், முன்கட்டையின் இரும்பிலும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். முன்கட்டையில் மட்டும் வேறு எண் இருந்தால் எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தட்டைப் பகுதியில் வேறு குறிகளும் நெருக்கமாக இருக்கும். இவற்றைத்தான் பலர் துப்பாக்கி எண் என்று எழுதிவிடுகிறார்கள். சாய்சதுரத்துக்குள் 12 என்றும் சி என்றும் இருந்தால் அது போர் அளவைச் சொல்லும் குறி. கிரீடத்துக்குக் கீழே எழுத்துகள் இருந்தால் சோதனைச் சாலையின் முத்திரை. இங்கிலாந்துத் துப்பாக்கிகளை பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ சோதித்து முத்திரை குத்தியிருப்பார்கள், பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் சட்டப்படி ஏற்பட்டது. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தின் லீஜ் நகரத்தில் சோதித்தது. பேட்டன்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அது பேட்டன்ட் எண், துப்பாக்கி எண் கிடையாது. இதையே லைசன்ஸில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு புத்தகத்தை நானே பார்த்திருக்கிறேன்.

குழலில் ‘நாட் ஃபார் பால்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அந்தக் குழல் முனையில் குறுகலானது, ஒற்றைக் குண்டு போடக் கூடாது என்ற எச்சரிக்கை. இதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இன்னொன்று, பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடம், இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் தோட்டா. உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் சரி என்று நினைத்துவிடுவோம். வெடிக்கும்போது தோட்டாவின் வாய் முழுதாக விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறிவிடும். தாத்தா துப்பாக்கி என்றால் அறை நீளத்தைத் துப்பாக்கிக் கடையில் கொடுத்து அளந்து நோட்டில் ஏற்றுங்கள். குழலில் தண்ணீர் அலை போல வரி வரியாகத் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், பழைய கறுப்பு வெடிமருந்துக் காலத்துச் சரக்கு. அதில் இன்றைய தோட்டா போடவே வேண்டாம்.

கெலமங்கலம் தோட்டம்:

நேற்று அப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். குழலின் அடியில் எண் இருக்கும் இடத்தில் துரு. கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை. நைஸ் எமரி பேப்பர் போட்டு லேசாகத் தேய்க்கலாமா?

ஆயுதப் பிரிவு ஓய்வு:

வேண்டவே வேண்டாம்! ஆயுதச் சட்டத்தின் 8வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. துப்பாக்கியில் குத்தியிருக்கும் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. நீங்கள் துருவைத்தான் தேய்த்தீர்கள் என்பது பிறகு பார்ப்பவருக்குத் தெரியாது. தேய்த்த தடம் மட்டும்தான் தெரியும்.

பர்கூர் மாந்தோப்பு:

இரண்டு சொட்டு துப்பாக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில், குழலோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கத்திலிருந்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். அப்படியும் தெரியவில்லை என்றால் சாக்பீஸைப் பொடியாக்கி விரலால் தடவி மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். படம் எடுத்துக்கொண்டு பொடியைத் துடைத்து மறுபடி எண்ணெய் போட்டுவிடுங்கள்.

காரிமங்கலம் கே.டி.:

என் லைசன்ஸ் பக்கத்தை இணைத்திருக்கிறேன், இதில் எது யு.ஐ.என். என்று யாராவது சொல்லுங்களேன்.

நெறியாளர்:

காரிமங்கலம் கே.டி. அவர்கள் இணைத்த படம் நீக்கப்பட்டது. லைசன்ஸ் பக்கம், துப்பாக்கி எண், வீட்டு முகவரி, பீரோ இருக்கும் இடம் இவற்றில் எதையும் இங்கே போட வேண்டாம். இந்த இழை தொடரட்டும், பயனுள்ளதாக இருக்கிறது.

பென்னாகரம் கடலைக்காடு:

எங்கள் பக்கத்துக்காரர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன், இதை யாரும் சொல்லவில்லை. காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் வந்தது, 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவேரி தெற்கு சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் நம் இரண்டு மாவட்டத்திலும் பரவியிருக்கின்றன. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 34வது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்கும் லைசன்ஸ்தாரர், சரணாலய அறிவிப்பு வந்து மூன்று மாதத்துக்குள் வனத்துறையில் தன் பெயரைப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் புதிதாக லைசன்ஸ் கொடுக்க தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கம் எத்தனை ஊர் இதற்குள் வரும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. பதிந்திருந்தால் அந்த ஒப்புகைச் சீட்டின் எண்ணும் தேதியும் நோட்டில் இருக்க வேண்டும். பதியாதவர்கள் ரேஞ்சர் ஆபீஸில் போய் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

என்னிடம் இருப்பது பயிர்ப் பாதுகாப்புக்கு என்று என் மாமா காலத்தில் வாங்கிய எஸ்.பி.எம்.எல்., குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல். பன்றியும் யானையும் கேழ்வரகுக் காட்டில் இறங்கும் ஊர் இது. காட்டில் ஏதாவது ஒரு மிருகம் செத்துக் கிடந்தால் முதலில் கேள்வி கேட்பது லைசன்ஸ் வைத்திருப்பவனைத்தான். அதனால் எடுத்த தேதி, எதற்காக எடுத்தேன், மருந்து எவ்வளவு செலவு, மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன். எடுக்காத மாதத்துக்கும் ‘எடுக்கவில்லை’ என்று ஒரு வரி. ஒரு முறை விசாரணைக்கு வந்த வனக்காவலர் அந்த நோட்டை நின்றபடியே முழுதும் படித்தார். அதற்கப்புறம்தான் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

ஓசூர் சிப்காட்:

தோட்டாவையும் இப்படி ஒன்று விடாமல் எழுத வேண்டுமா? வாங்கும்போது கடைக்காரரே லைசன்ஸில் குறித்துவிடுகிறாரே.

ஆயுதப் பிரிவு ஓய்வு:

அவர் குறிப்பது வாங்கியதை. செலவானது எங்கே இருக்கிறது? இருபத்தைந்து வாங்கினீர்கள், பீரோவில் பதினாறு இருக்கிறது, மீதி ஒன்பது எங்கே என்று கேட்டால் பதில் உங்கள் நோட்டில்தான் இருக்க வேண்டும். வாங்கியது, செலவு, இருப்பு. மளிகைக் கடைக் கணக்கு போல மூன்று பத்தி போதும். தோட்டாப் பெட்டியின் மேல் இருக்கும் லாட் எண்ணையும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைச் சொல்லும் எண்) குறித்தால் நல்லது. வெடிக்காத தோட்டா ஒன்று வந்தால் அந்த லாட்டையே ஒதுக்கிவிடலாம்.

பழைய வீடுகளில் இன்னொரு விஷயம் இருக்கும். தாத்தா காலத்துக் காகிதத் தோட்டா, பச்சை பிடித்த பித்தளை அடியோடு, டிரங்குப் பெட்டியின் அடியில். அது எந்த லைசன்ஸ் கணக்கிலும் இருக்காது. கிணற்றில் போடுவது, குழி தோண்டிப் புதைப்பது எல்லாம் வேண்டாம். ஸ்டேஷனில் எழுத்துமூலம் கொடுத்து ஒப்படையுங்கள், நகலில் கையெழுத்து வாங்கி நோட்டில் ஒட்டுங்கள்.

ஊத்தங்கரை புளியமரம்:

தேர்தல் ஒப்படைப்பு பற்றி என் அனுபவம். தேதி அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், போய்க் கொடுப்போம். ஒரு தடவை எனக்குக் கொடுத்த ரசீதில் ‘துப்பாக்கி 1’ என்று மட்டும் இருந்தது. எண் இல்லை, வகை இல்லை. திரும்ப வாங்கும்போது கட்டையில் புதிதாக ஒரு கீறல், குழலின் வெளியே துருப் புள்ளிகள். முன்பு எப்படி இருந்தது என்று காட்ட என் கையில் ஒன்றும் இல்லாததால் பேச்சு அதோடு நின்றது. இப்போதெல்லாம் கொடுப்பதற்கு முந்தின நாள் நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, அன்றைய செய்தித்தாளும் தெரிகிற மாதிரி எடுக்கிறேன். குழலுக்கு உள்ளும் வெளியும் எண்ணெய் தடவி உறையில் போட்டுக் கொடுக்கிறேன். எண் இல்லாத ரசீதைப் பணிவாகத் திருப்பிக் கொடுத்து, எண் எழுதச் சொல்லி வாங்குகிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஓசூர் சிப்காட்:

ரிப்பேருக்கும் இதே மாதிரி செய்யலாம். எங்கள் பக்கம் எல்லோருக்கும் பெங்களூருதான் பக்கம். ஆனால் ஐயா மேலே சொன்னது போல, தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குள் போகக் கூடாது. கடையில் கொடுத்தால் அவர்கள் பதிவேட்டில் ஏற்றி ரசீது தருவார்கள். போன தேதி, வந்த தேதி, மாற்றிய பாகம். துப்பாக்கி வீட்டில் இல்லாத நாட்களுக்கு அந்த ரசீதுதான் ஆதாரம்.

அரூர் மகள்:

இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் வேறு மாதிரி.

அப்பா போன வருஷம் இறந்தார். துப்பாக்கி அவருடையது, எங்கள் யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோதுதான் அம்மா, ‘இதை என்னம்மா பண்றது’ என்று கேட்டார். சொந்தக்காரர் ஒருவர் தான் எடுத்துப்போய் வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் லைசன்ஸ் தேதி முடியும் வரை அப்படியே இருக்கட்டும் என்றார். இரண்டுமே தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. லைசன்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது. அடுத்த நிமிஷத்திலிருந்து அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கச் சட்டத்தில் இடம் இல்லை. தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசன்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் டைரி. துப்பாக்கிக் கணக்கு என்று தனியாக இல்லை, வருஷ டைரிகளின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார். எண், வாங்கிய கடை, கடைசியாகப் புதுப்பித்த தேதி, எத்தனை தோட்டா இருக்கிறது எல்லாம் இருந்தன. அதற்கும் கீழே ஒரு வரி: ‘எனக்குப் பின் உடனே ஸ்டேஷனில் ஒப்படைக்க. யாரிடமும் தர வேண்டாம். ரசீது வாங்க.’ பச்சை மையில், அடிக்கோடு போட்டு. அந்த வரியைக் காட்டித்தான் சொந்தக்காரரிடம் அம்மா மறுத்துச் சொன்னார்.

அதனால் தம்பி, நீங்கள் எழுதும் நோட்டில் எண்ணும் தேதியும் இருப்பது போலவே, இதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் அம்மாவோ மனைவியோ அக்காவோதான் அதைப் படிக்கப் போகிறார்கள். எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். (பின்பக்கமாகத் தோட்டா போடும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல்) என்று சுருக்கமாக எழுதாமல் முழுதாக எழுதுங்கள். தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று தெரியாதவர் தொடவே வேண்டாம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். எந்த அலுவலகம், எந்த மேசை என்பதையும் எழுதுங்கள்.

கெலமங்கலம் தோட்டம்:

அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தைத் தானே எழுதுகிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.

இன்னொரு செய்தி. எண்ணெயும் டார்ச்சும் வேலை செய்தன. எண் தெளிவாகத் தெரிகிறது. லைசன்ஸில் இருப்பது வேறு! கடைசிக்கு முந்தின இலக்கம் துப்பாக்கியில் 3, புத்தகத்தில் 8. பழைய சேலம் புத்தகத்தில் 3 என்றுதான் இருக்கிறது. அடுத்த புத்தகத்தில் மாறியிருக்கிறது.

ஆயுதப் பிரிவு ஓய்வு:

நினைத்தேன். இப்போது பழைய புத்தகத்தின் அருமை தெரிகிறதா? புதுப்பிக்கும் நேரம் வரை காத்திருக்காதீர்கள். எண் பிழையைத் திருத்தக் கோரி கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். சேலம் புத்தகத்தின் அந்தப் பக்க நகல், இப்போதைய புத்தகத்தின் நகல், எண்ணின் படம் மூன்றையும் இணையுங்கள். துப்பாக்கிக் கடையில் காட்டி அவர்கள் லெட்டர்பேடில் எண்ணைக் குறித்து ஒரு கடிதம் வாங்கினால் இன்னும் பலம். தபாலில் போட்டால் ஒப்புகை அட்டையோடு, நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையோடு. புத்தகத்தில் நீங்களாகப் பேனாவை வைக்கக் கூடாது.

மனு கொடுக்கப் போகும்போதே இன்னொன்றையும் யோசியுங்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. 2016 ஆயுத விதிகளில் 25வது விதிப்படி, எழுபது வயதானவரோ ஒரு துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தவரோ தன் வாரிசுக்கு லைசன்ஸ் கேட்டு, தான் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக் கொடுக்கலாம். இறந்த பிறகுதான் என்று இல்லை. சித்தப்பா ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பதால் அவர் பெயருக்குப் போகாது. உங்கள் பெயரில் ஒன்றுதான், இடம் இருக்கிறது. மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தெந்த ஆயுதம் அப்பாவின் லைசன்ஸில் இருக்கிறது என்று உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள், அதற்குத் தேவையானதெல்லாம் இப்போது உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. முதலில் எண் திருத்தம், பிறகு மாற்றம். இந்த வரிசையை மாற்றிவிட்டால் தப்பான எண் உங்கள் பெயருக்கு வந்து சேரும்.

கெலமங்கலம் தோட்டம்:

புரிந்தது ஐயா. என் அக்காவிடம் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

அரூர் மகள்:

கையெழுத்து வாங்குவதற்கு முன் அவருக்கு வேண்டுமா என்று கேளுங்கள் தம்பி. மகளும் வாரிசுதான். எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணன் பெயரைத்தான் எழுத உட்கார்ந்தார்கள். அவன் சென்னையில் அபார்ட்மெண்டில் இருக்கிறான், தோட்டத்தைப் பார்ப்பது நான். ஸ்டேஷனில் ஒப்படைத்ததைக் காலம் கடத்தினால் அரசுடைமை ஆகிவிடும் என்றார்கள், அதனால் நானே விண்ணப்பித்து வாங்கினேன். இப்போது என் பெயரில் இருக்கிறது. அப்பாவின் டைரிப் பக்கங்களைக் கிழிக்காமல் ஜெராக்ஸ் எடுத்து என் நோட்டின் முதல் பக்கங்களாக ஒட்டியிருக்கிறேன்.

கெலமங்கலம் தோட்டம்:

கேட்டேன் அக்கா. என் அக்காவுக்குத் துப்பாக்கி வேண்டாமாம், அவள் இருப்பது பெங்களூரில். ஆனால் நோட்டின் நகல் ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்று கேட்டாள். எழுதி முடித்ததும் அவளுக்கு ஒன்று, லாக்கருக்கு ஒன்று. சித்தப்பாவும் நேற்றுத் தன் இரண்டையும் எடுத்துவந்து போர்வையை விரிக்கச் சொன்னார். சிங்கிள் பேரல் முடிந்தது, எண் சரியாக இருக்கிறது. ரைஃபிளை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறோம். மனுவின் வாசகம் தயாரானதும், எண்களை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன், ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.